வலப்பக்கம் திருப்பினால் மெது

1

நான் எழுதியதிலேயே அதிக நாள் ஆட்களின் கண் முன்னால் இருந்தது கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. இரண்டு அங்குல நீளமுள்ள பேப்பர் டேப். அதன் இடது முனையில் 'வேகம்' என்றும் வலது முனையில் 'மெது' என்றும் பேனாவால் எழுதி ஒரு மிஷினில் ஒட்டினேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

மறைத்து வைத்துக் கடைசியில் போட்டுடைக்கிற வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். இந்த முறை வேண்டாம். மொத்தத்தையும் இப்போதே கொட்டிவிடுகிறேன்.

நான் சின்னச் சின்ன மின்சாரச் சாமான்களைப் பழுது பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். என் அக்கா ஒரு மரப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். பிள்ளைகள் துண்டு துண்டாகச் சேர்த்துப் படமாக்குவார்களே, அந்த மரப் புதிர்களை அறுப்பது அவள் வேலை. அதற்கென்று ஒரு மேசை மிஷின் உண்டு. நூல் போல மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும், பலகையை விரலால் வளைத்து வளைத்துத் தள்ள வேண்டும். ஸ்க்ரோல் சா என்று பெயர். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் கெட்டுப்போனது. நான் போய்ச் சரிசெய்தேன். செய்யும்போது இரண்டு ஒயர்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன். மெதுவாக்கத் திருப்ப வேண்டிய பக்கம் வேகமாகிவிட்டது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். திரும்பத் திறந்து மாற்ற பத்து நிமிஷம் போதும். மாற்றவில்லை. டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு, "புது பார்ட் அப்படித்தான் வரும்" என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

இருபதாம் நாள் அவள் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. அந்த மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒயர்கள் நான் வைத்தபடியேதான் இருக்கின்றன. நான் இந்த வரியை எழுதும்போது காலை மணி பத்தே முக்கால். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

(ஒரு குறிப்பு. அடைப்புக்குள் 'பென்சில்' என்று வருகிறதெல்லாம் அக்காவுடையது. என் கதை எதையும் முதலில் படிக்கிறவள் அவள்தான். கையில் பென்சிலோடு படிப்பாள். இதை மட்டும் அவள் படிக்கக் கூடாது என்று ஒளித்து வைத்திருந்தேன். எப்படிப் படித்தாள் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.)

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் விட்டு வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

"பட்டறையின் தகரக் கதவைத் தள்ளியதும் மரத்தூளின் வாசனை..." நிறுத்திவிட்டேன். தகரக் கதவு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதை எதற்கு முதலில் கூப்பிட வேண்டும்?

"அந்த மெக்கானிக் அன்று குடித்திருந்தான்." இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுத எழுத உள்ளுக்குள் ஒரு சுகம். கண் சிவந்து, கை நடுங்கி, ஒயர் எது என்றே தெரியாமல் அவன் தடுமாறுகிறான். குடிகாரன் தலையில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, பாருங்கள். எனக்குத்தான் அதிக நிம்மதி. ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கவே இல்லை. ஒயரை ஒட்ட வைத்த ஈயம் முத்து முத்தாக உட்கார்ந்தது.

[பென்சில்: ரெண்டு டீ குடிச்சாலே உனக்கு வயிறு எரியும். நீ குடிகாரன் கதை எழுத வந்துட்டே.]

"நான் ஒரு மிஷின். எனக்கு வாயில்லை என்று..." இது மூன்றாவது. மிஷினுக்கு வாயைக் கொடுத்தால் அது முதலில் என்னைத்தான் ஏசும் என்பதால் விட்டுவிட்டேன்.

மிஷினின் வேகத்தையும் கதையின் வேகத்தையும் ஒப்பிட்டு, கதைசொல்லியின் கையிலும் ஒரு குமிழ் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பத்தி வேறு. கிழித்துப் போட்டேன். விரல் போன வீட்டில் உட்கார்ந்து உவமை தேடுகிறவனை எதனால் அடிப்பது?

3

இனி நடந்தது.

மிஷினில் இருந்த கோளாறு இது: குமிழை மெதுவில் வைத்தால் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடும், பிறகு தானாகவே எகிறும், தானாகவே அடங்கும். பட்டறை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்பலகையில் எட்டு திருகாணிகள். அதில் இரண்டுக்குத் தலை மழுங்கியிருந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டித்தான் திறந்தேன். குமிழுக்குப் பின்னால் மூன்று கால் உள்ள ஒரு பாகம் இருக்கும். கன்ட்ரோல் என்போம். அதற்குள்ளே எட்டு வருஷத்து மரத்தூள் மாவாகப் படிந்து, உள்தடம் தேய்ந்து போயிருந்தது. ஊதித் துடைத்து, தூசு போக்குகிற மருந்து அடித்தேன். நன்றாக ஓடியது. முன்பலகையை மூடப் போகும்போது மறுபடி எகிறியது. சரி, புதிது போட்டுவிடலாம் என்று பழையதைக் கழற்றினேன்.

ஒயர்களை வெட்டுமுன் எல்லா மெக்கானிக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வான். நான் எடுப்பதில்லை. நான் எழுத்தாளன் ஆயிற்றே! நோட்டில் எழுதிக்கொண்டேன்: "இடது மஞ்சள், நடு வெள்ளை, வலது நீலம்."

சுத்தமான வாக்கியம். எங்கிருந்து பார்த்து இடது என்பது மட்டும் அதில் இல்லை. எழுதியபோது அந்தப் பாகத்தைக் குமிழ்ப்பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி பிடித்திருந்தேன். ஈயம் வைத்தபோது முன்பலகையைக் கவிழ்த்து மடியில் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நாலு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

மூடி, எட்டுத் திருகாணியையும் முடுக்கி, குமிழை இடக்கோடிக்குத் திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டேன். மெதுவாக எழும்ப வேண்டிய மிஷின் வீலென்று கத்தியது. மஞ்சளும் நீலமும் மாறிவிட்டன என்று சுவிட்சிலிருந்து விரலை எடுக்குமுன்பே புரிந்துவிட்டது.

ஏன் மாற்றவில்லை? மழுங்கின திருகாணிகளை மறுபடி கழற்ற வேண்டும், அது ஒன்று. இன்னொன்று, வீட்டில் ஒரு கதையைப் பாதியில் விட்டு வந்திருந்தேன். பத்திரிகைக்கு அனுப்ப மறுநாள் கடைசி நாள். முடிவு அப்போதுதான் மனசில் கூடி வந்திருந்தது, கலைந்துவிடுமோ என்று பயம். எழுதி ஒட்டிவிட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நினைப்பது என் போன்ற ஆட்களின் வியாதி. பையில் டேப் இருந்தது. பேனா இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை.

மேஸ்திரி வந்து திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பக்கம் மாறிப் போச்சே?"

"புது பார்ட் அப்படித்தான் வரும். எழுதி ஒட்டியிருக்கேன், பாருங்க."

"எகிறலையே?"

"எகிறாது."

"அப்ப போதும். ஓடினா சரி."

வீட்டில் அக்காவிடமும் அதையே சொன்னேன். "அக்கா, இனிமே வலப்பக்கம் திருப்பினா மெது. ஞாபகம் வெச்சுக்கோ."

"ஏன்டா அப்படி?"

"புது பார்ட் அப்படித்தான் வரும்."

"எந்த மடையன் செஞ்சானோ" என்றாள். "சரி, நீ போய்க் கதையை முடி. எனக்குப் படிக்கணும்."

முடித்தேன். படித்தாள். பென்சிலே வைக்கவில்லை. முடிவு ரொம்ப நல்லா இருக்குடா என்றாள்.*

* அந்தக் கதை அச்சில் வந்துவிட்டது. வந்த பிரதியை இன்னும் நான் பிரிக்கவில்லை.

4

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிவிட்டேன். நான் அப்போது அங்கே இல்லை.

முதல் தடவை இப்படி: "அக்கா அன்று ஒரு மானை அறுத்துக்கொண்டிருந்தாள். மானின் கண் அருகே பிளேடு..."

[பென்சில்: மான் இல்லை. ஆமை. ஓட்டுல ஆறு துண்டு. ஆறாவது துண்டு.]

ஆமைதான். எனக்கும் தெரியும். இரக்கமாக இருக்கட்டும் என்று மானாக்கினேன்.

ஆறாவது துண்டின் வளைவில் பலகை பிளேடோடு மாட்டிக்கொண்டு மேசையில் படபடவென்று குதித்தது. இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடப்பதுதான். சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்று கேட்பீர்கள். அணைத்தால் பிளேடு மரத்துக்குள்ளேயே இறுகி ஒடியும். வேகத்தைக் குறைத்து நைசாக விடுவிக்க வேண்டும். எட்டு வருஷமாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். இடது கையால் பலகையை அமுக்கிக்கொண்டாள். வலது கை தானாகப் போய்க் குமிழை இடப்பக்கம் திருப்பியது.

கை டேப்பைப் படிக்காது. அதன் மேல் அப்போது மரத்தூள் வேறு படிந்திருந்தது.

பிளேடு வேகமெடுத்து, பலகை நழுவி, இடது கை உள்ளே போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். எலும்பு தப்பித்தது. நரம்பும் தசைநாரும் அறுந்து, தைத்து, இப்போது விரல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். மடங்காது. சூடு குளிர் தெரியாது. பட்டறை ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் மேஸ்திரி 'கவனக்குறைவு' என்று எழுதினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என்னிடம் சொன்னது: "நீ சொல்லித்தானேடா இருந்தே. நான்தான் மறந்துட்டேன். பாழாப்போன கை."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டு "விடுக்கா" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான சொல் அதுதான். ஏதோ நான் அவளை மன்னிக்கிற மாதிரி!

இந்த இடத்தில் அக்காவைப் பொறுமைசாலியாக, ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறவளாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் வானத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் வராவிட்டால் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறவள். அவளிடம் மாறியது ஒன்றே ஒன்று. அடுப்பைப் பற்ற வைக்கப் போவாள். குமிழைத் தொட்டுக்கொண்டு அப்படியே நிற்பாள்.

"டேய், இது எந்தப் பக்கம்டா?"

நான் முன்னறையிலிருந்து எழுந்து போய்க் காட்டுவேன். பதினைந்து வருஷமாக வீட்டிலிருக்கிற அடுப்பு. மறுநாளும் கேட்பாள். குழாயைத் திறக்க, கதவுத் தாழைத் திருப்ப, எல்லாவற்றுக்கும் ஒரு கணம் நிற்பாள். விரல் போனதை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். தன் வலது கை தன்னை ஏமாற்றிவிட்டது என்கிறதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கை ஏமாற்றவில்லை, நான்தான் ஏமாற்றினேன் என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

5

முடிவுகள்.

(அ) ஒரு விடுமுறை நாளில் 'சர்வீஸ்' என்று சொல்லிப் பட்டறைக்குப் போகிறேன். ஒயர்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, டேப்பை உரித்துவிட்டு வந்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. அக்கா அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருப்பாள்.

(ஆ) அக்காவிடம் சொல்கிறேன். அவள் அழுது, என் தலையைத் தடவி... தடவ மாட்டாள். இதை எழுதியவன் யாரோ.

(இ) மிஷின் தானாகவே கெட்டுப்போகிறது. தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் ஏழு மாதமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் நல்ல பார்ட்டாகப் பார்த்துப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். இன்னும் பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது.

(ஈ) பட்டறையில் கண்ணாடி என்று கூப்பிடுகிற அந்தப் புதுப் பெண்ணுக்கு ஒரு நாள்

இதை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன்.

இந்த இடத்தில்தான் அக்கா வந்தாள். தாள்களைப் பழைய மின்விசிறிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டைப் பெருக்குகிறவளிடம் பெட்டிக்கு அடியில் ஒளித்த என் புத்தியை என்ன சொல்ல! இன்று காலை பெட்டியை நகர்த்தி, தாள்களை எடுத்து, என் எதிரே மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலும் இருந்தது. நான் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒரு திருகாணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. படித்து முடிக்கிறவரை அவள் தலை நிமிரவில்லை.

"பத்து நிமிஷ வேலையா?"

"ஆமாக்கா."

"பார்ட் அப்படித்தான் வரும்னியே."

"பொய்."

தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஏழு மாசமா எந்தப் பக்கம் எந்தப் பக்கம்னு உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீயும் வந்து வந்து காட்டிட்டுப் போயிருக்கே. உனக்கு எப்படிடா சோறு இறங்கிச்சு?"

"மன்னிச்சிடுக்கா."

"அதைக் கதையில எழுதிக்கோ. நல்லா வரும்."

எழுதிவிட்டேன். நன்றாக வரவில்லை.

"இப்ப அதுல யாரோ ஒரு பொண்ணு உக்காந்திருக்கான்னு எழுதியிருக்கியே, அது நிஜமா?"

"நிஜம்தான்."

"இதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு அ, முடிவு ஆன்னு எழுதிக்கிட்டு உக்காந்திருக்கே." மோடாவைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள். "அடுத்த மாசத்துலேருந்து காலையில அரை நாள் வரச் சொல்லியிருக்கார் மேஸ்திரி. உள்ளங்கையால அமுக்கிப் பிடிக்க முடியும், பாத்துட்டேன். பயமா இருக்குன்னுதான் பதில் சொல்லாம இருந்தேன். என் கை மேல தப்பில்லைன்னா எனக்கு என்னடா பயம்? பையை எடு. இன்னைக்கே மாத்து."

கிளம்புமுன் அடுப்பை அணைக்கப் போனாள். குமிழைத் தொட்டாள். "டேய், இது எந்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அப்புறமும் நான்தான் போய் அணைத்தேன்.

6

பட்டறையில் மதியச் சாப்பாட்டு மணி அடித்து மிஷின்கள் நின்றிருந்தன. கண்ணாடி, தடித்த கண்ணாடி போட்ட நாற்பது வயதுப் பெண், தன் மிஷினை பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வாயில் சோற்றோடு வந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒயரை மாற்றி வைத்தது நான், பார்ட் அப்படி வராது, சொன்னது பொய்.

மேஸ்திரி மென்று முடித்தார். "இப்ப சொல்லி என்ன தம்பி பிரயோஜனம்?"

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க" என்றாள் அக்கா.

"ரிஜிஸ்டரை அடிச்செல்லாம் எழுத முடியாதும்மா. ஒயரை வேணா மாத்திக்கச் சொல்லுங்க. அடுத்த மாசம் காலையில நீங்க, மத்தியானம் இவங்க. மிஷின் ஒண்ணுதான்."

ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாகப் போட்டுவிட்டு, எட்டுத் திருகாணியையும் கழற்றி முன்பலகையைத் திறந்தேன். கண்ணாடி பிரஷைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து முன்பலகை மேல் கையை வைத்தாள்.

"அய்யய்யோ, வேணாம்ணே. மாத்தாதீங்க."

"ஏம்மா? இதுதான் தப்பா இருக்கு. இதனாலதான் அக்காவுக்கு..."

"தப்போ சரியோ எனக்குத் தெரியாது. வந்த முதல் மாசம் கை இடப்பக்கமே போயி ரெண்டு தடவை மயிரிழையில தப்பிச்சேன். அழுதுக்கிட்டே பழகினேன். ஆறு மாசமாச்சு. இப்பதான் கை தானா வலப்பக்கம் போகுது." கண்ணை மூடிக்கொண்டு குமிழுக்குக் கையை நீட்டினாள். கை நேராகப் போய் வலப்பக்கம் திரும்பியது. "பாத்தீங்களா? நாளைக்கு நீங்க மாத்திட்டா, பலகை குதிக்கும்போது இந்தக் கை நான் சொன்னாக் கேக்குமா?"

அவள் என்னைக் கேட்கவில்லை. அக்காவைத்தான் கேட்டாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கேக்காது" என்றாள்.

7

காலையில் அக்காவின் கை இடப்பக்கம் போகும், மத்தியானம் கண்ணாடியின் கை வலப்பக்கம் போகும், பக்கத்தை மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைக்கலாமே என்கிறீர்கள். வைக்கலாம். காலையில் உட்கார்ந்தவள் அதை எந்தப் பக்கம் விட்டுப் போனாள் என்று மத்தியானம் உட்காருகிறவள் ஒரு நாள் பார்க்க மறப்பாள். மறக்காமலிருக்க நான் இன்னொரு டேப் எழுதி ஒட்ட வேண்டும். இன்னொரு மிஷின் வாங்கலாமே என்கிறீர்கள். அதை நானும் கேட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

முன்பலகை திறந்து கிடக்கிறது. சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது. மஞ்சளும் நீலமும் நான் வைத்த இடத்தில், நான் வைத்த ஈயத்தோடு, அழகாகவே இருக்கின்றன. மாற்று என்று கூட்டி வந்த அக்கா இப்போது மாற்று என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. முன்பலகை மேலிருந்து கண்ணாடி கையை எடுக்கவில்லை. வேலை மணி அடிக்க இன்னும் ஆறு நிமிஷம்.

இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு முடிவை நன்றாக எழுத ஆசைப்பட்டு ஓடிப்போனவன் நான். இதை உங்களிடம் விடுகிறேன், ஆனால் சும்மா விடமாட்டேன். மாற்று என்று சொல்கிறவர்கள், நாளைக்கு மத்தியானம் பலகை குதிக்கும்போது கண்ணாடியின் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளுங்கள். விட்டுவிடு என்று சொல்கிறவர்கள், இன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வாருங்கள். அக்கா அடுப்பு முன்னால் நின்று எந்தப் பக்கம்டா என்று கேட்பாள். இந்தத் தடவை நீங்கள் எழுந்து போய்க் காட்டுங்கள்.